முக்கோணத்தின் மூன்று முனைகள்

பிஸ்டன் இன்ஜினில் பிறவியிலேயே ஒரு சங்கடம் உண்டு. காரின் சக்கரம் சுழல வேண்டும். பிஸ்டனுக்குத் தெரிந்ததோ மேலும் கீழும் போய்வருவது மட்டும். கிராங்க் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை முழுதாக நின்று திசை மாறுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இன்ஜினில் வினாடிக்கு 200 முறை இப்படி நின்று கிளம்புகிறது. இன்ஜினின் அதிர்வில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அதை அடக்க எதிர் எடைகள், கனத்த பறக்கும் சக்கரம், கூடுதல் சிலிண்டர்கள் என்று பொறியாளர்கள் செலவழித்திருக்கும் மூளை கொஞ்சமல்ல.

உலக்கையை வைத்துவிட்டு ஆட்டுக்கல்லைப் பிடித்தால் என்ன என்ற யோசனை நீராவிக் காலத்திலேயே, ஜேம்ஸ் வாட்டுக்கே, வந்துவிட்டது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிய காப்புரிமைகள் ஒரு அலமாரியை நிரப்பும். அத்தனையும் ஒரே இடத்தில் தோற்றன: கசிவு. உருளையான சிலிண்டருக்குள் உருளையான பிஸ்டன் என்றால் அதன் கழுத்தில் இரண்டு மூன்று வளையங்களை மாட்டிவிட்டால் போதும், வாயு தாண்டாது. சுழலும் உறுப்புக்கு முனைகள், பக்கங்கள், மூலைகள் என்று அடைக்க வேண்டிய கோடுகள் பல. ஒரு கோடு விட்டுக்கொடுத்தாலும் வெடித்த வாயு பக்கத்து அறைக்கு ஓடிவிடும். இன்ஜின் முனகிவிட்டு நிற்கும்.

இந்தக் கசிவை வென்றுவிட்டோம் என்று 1967-ல் ஒரு ஜெர்மன் நிறுவனம் நம்பியது. அதன் பெயர் என்எஸ்யூ. இன்றைய வாசகர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. அதற்கான காரணமும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

1873-ல் ரீட்லிங்கன் என்ற சிற்றூரில் பின்னலாடை இயந்திரம் செய்யும் பட்டறையாக இது தொடங்கியது. 1880-ல் நெக்கர் ஆறும் சுல்ம் ஆறும் சேரும் நெக்கர்சுல்ம் ஊருக்கு இடம் பெயர்ந்தது. பிராண்டின் மூன்று எழுத்துகளும் அந்த ஊர்ப் பெயரிலிருந்து எடுத்தவையே. 1886-ல் சைக்கிள், 1901-ல் மோட்டார் சைக்கிள், 1905-ல் கார். இடையில் 1889-ல் காட்லீப் டைம்லர் தன் நான்கு சக்கர எஃகு வண்டியைச் செய்தபோது அதன் சட்டகத்தைச் செய்துகொடுத்ததும் இந்தப் பட்டறைதான். 1929-ல் பணமுடை வந்து கார் ஆலையை இத்தாலியின் ஃபியட்டுக்கு விற்றார்கள். 1934-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே இவர்களுக்காகப் பின்பக்க இன்ஜின் வைத்த ஒரு சிறு காரை வடிவமைத்தார். ஃபியட்டுடன் செய்த ஒப்பந்தம் குறுக்கே நின்றதால் அது மாதிரியோடு நின்றுபோயிற்று. படத்தைப் பார்த்தால் பின்னாளைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அண்ணன் என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

என்எஸ்யூவின் உண்மையான பெருமை இரு சக்கரத்தில் இருந்தது. 1953-லும் 1954-லும் 250 சிசி உலகச் சாம்பியன் பட்டம் அவர்களுடையது. 1955-ல் உலகிலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்ற இடத்தில் இருந்தார்கள். 1956-ல் அமெரிக்காவின் போனவில் உப்புச் சமவெளியில் வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் இவர்களின் வண்டியை மணிக்கு 339 கி.மீ. வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை செய்தார். பெடல் வைத்த 'குயிக்லி' மொபெட் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஜெர்மானியர்கள் என்எஸ்யூ என்றதும் நினைத்தது நுணுக்கமான வேலைப்பாடு, நம்பி வாங்கலாம் என்ற இரண்டையும். இந்தச் சேமிப்பைத்தான் பின்னால் ஒரே காரில் கரைத்தார்கள்.

1950-களின் நடுவில் ஜெர்மானியர்களின் கையில் காசு புழங்கத் தொடங்கியதும் அவர்கள் மோட்டார் சைக்கிளை விட்டுக் காருக்குப் போனார்கள். சந்தை சரிந்தது. என்எஸ்யூ 'பிரின்ஸ்' என்ற சிறிய காருடன் மறுபடி நான்கு சக்கரத்துக்கு வந்தது. ஓபல், ஃபோக்ஸ்வாகன் போன்ற யானைகளுக்கு நடுவே பிழைக்க வேண்டுமானால் அவர்களிடம் இல்லாத ஒன்று வேண்டும். அது ஏற்கெனவே கம்பெனி வாசலுக்கு வந்திருந்தது.

ஃபெலிக்ஸ் வாங்கெல் 1902-ல் லார் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை முதல் உலகப் போரில் இறந்துபோனார். கல்லூரிப் படிப்பு கிடையாது. ஹைடல்பர்க்கில் புத்தகப் பதிப்பகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பட்டறை போட்டவர். கிட்டப்பார்வைக் கண்கள், வாழ்நாள் முழுவதும் அவரிடம் ஓட்டுநர் உரிமமே இல்லை. நாஜிக் கட்சியில் ஆரம்பத்திலேயே சேர்ந்தவர். கட்சியின் வட்டாரத் தலைவருடன் சண்டை போட்டு 1933-ல் சிறைக்கும் போனார். வெளியே வந்து அதே அரசின் விமான அமைச்சகத்துக்காக லிண்டாவில் ஆய்வுப் பட்டறை நடத்தினார். இந்தப் பக்கத்தை மெல்லத் தாண்டிப்போகும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. தாண்டக் கூடாது என்பது என் கட்சி. அவர் எதில் தேர்ந்தார் என்பது அந்த ஆண்டுகளில்தான் முடிவாயிற்று. விமான இன்ஜின்களுக்கான சுழல் வால்வுகளில், அதிவேகத்தில் நகரும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே வாயு கசியாமல் அடைப்பது எப்படி என்பதே அவருடைய பாடம். மற்ற கண்டுபிடிப்பாளர்கள் சுழல் இன்ஜினை வரைந்துவிட்டு அடைப்பைப் பற்றி அப்புறம் யோசித்தார்கள். வாங்கெல் அடைப்பைப் படித்து முடித்துவிட்டு அதற்குப் பொருந்தும் இன்ஜினைத் தேடினார். பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது இதைவிடக் கசப்பான விஷயம் இந்தக் கதையில் வேறில்லை.

போர் முடிந்ததும் பிரெஞ்சுப் படை அவரையும் பிடித்து வைத்தது, பட்டறையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டது. 1951-ல் என்எஸ்யூவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1957 பிப்ரவரி 1 அன்று நெக்கர்சுல்மின் சோதனை மேடையில் வாங்கெல் இன்ஜின் முதன்முதலாகத் தன் சக்தியில் ஓடியது. அதில் உள்ளே இருந்த ரோட்டரும் சுழன்றது, அதைச் சுற்றியிருந்த உறையும் சுழன்றது. கணித அழகுக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்பார்க் பிளக்கை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே என்ற என்எஸ்யூ பொறியாளர் அதைப் புரட்டிப்போட்டார். உறை அசையாமல் நிற்கட்டும். ரோட்டர் மட்டும் சுழன்றபடியே நடுவிலிருந்து சற்று விலகிய ஒரு சிறு வட்டத்திலும் சுற்றி வரட்டும். வாங்கெலுக்கு இது பிடிக்கவில்லை. உலகம் இன்று வாங்கெல் இன்ஜின் என்று அழைப்பது பாஷ்கேயின் இந்த வடிவத்தைத்தான்.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவ உறை. அதற்குள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோண ரோட்டர். ரோட்டரின் மூன்று முனைகளும் எப்போதும் உறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே நகரும். அதனால் சுவருக்கும் முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. ரோட்டர் நகர நகர ஒவ்வொரு அறையும் விரியும், சுருங்கும். விரியும்போது எரிபொருள் கலந்த காற்று உள்ளே வரும், சுருங்கும்போது அழுந்தும், பிளக் பொறி வைக்கும், வெடித்து விரிந்து ரோட்டரைத் தள்ளும், மறுபடி சுருங்கிப் புகையை வெளியேற்றும். வால்வுகள் கிடையாது, உறையில் திறந்திருக்கும் துளைகளை ரோட்டரே கடந்துபோகும்போது திறந்து மூடுகிறது. ரோட்டர் ஒரு முறை சுற்றினால் நடு ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும். நகரும் பெரிய உறுப்புகள் இரண்டே இரண்டு. சின்ன உருவத்தில் பெரிய சக்தி, கிட்டத்தட்ட அதிர்வே இல்லாத ஓட்டம். 1960-ன் தொடக்கத்தில் இதை மூனிக்கில் பொறியாளர்கள் கூட்டத்தில் விளக்கியபின் உரிமம் வாங்க வரிசை நின்றது. டைம்லர் பென்ஸ், ரோல்ஸ் ராய்ஸ், ஜப்பானின் மாஸ்டா என்று பட்டியல் நீண்டது. 1970-ல் ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

1964-ல் ஒற்றை ரோட்டர் வைத்த இரண்டு இருக்கைக் கார் 'ஸ்பைடர்' விற்பனைக்கு வந்தது. மொத்தம் 2,375 கார்களே செய்தார்கள். ஆர்வக்காரர்கள் வாங்கினார்கள், ஆர்வக்காரர்கள் பொறுத்துக்கொண்டார்கள். அங்கே இன்னும் சில ஆண்டுகள் நின்று கற்றிருக்கலாம். நிர்வாகத் தலைவர் கெர்ட் ஸ்டீலர் ஃபான் ஹைடகாம்ப்புக்குக் காத்திருக்க நேரமில்லை. சிறிய காரில் லாபமும் சிறிதுதான். கையிலிருந்த தொழில்நுட்பத்தைப் பணமாக்க ஒரு பெரிய கார் தேவைப்பட்டது.

1967 ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் வந்த ரோ 80-ஐப் பார்த்தவர்கள் அது வேறு பத்தாண்டிலிருந்து வந்ததென்று நினைத்தால் குற்றமில்லை. கிளாவ்ஸ் லூட்டே வரைந்த உடல்: முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் உயர்ந்து, பெரிய கண்ணாடிகளுடன். காற்றுத்தடைக் குணகம் 0.355, அன்றைய செடான்கள் பல 0.45-ஐ ஒட்டி இருந்தன. முன்சக்கர இயக்கம், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங். கிளட்ச் பெடல் கிடையாது. கியர் குமிழைத் தொட்டாலே கிளட்ச் விலகும். 497.5 சிசி ரோட்டர்கள் இரண்டு, 115 குதிரைத்திறன், மணிக்கு 180 கி.மீ. 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் பரிசு கிடைத்தது. அதைப் பெற்ற முதல் ஜெர்மன் கார் இதுதான். மெர்சிடிஸ் வாங்கக்கூடிய டாக்டர்களும் கட்டடக் கலைஞர்களும் இதை வாங்கினார்கள்.

பிறகு இன்ஜின்கள் திரும்பி வரத் தொடங்கின.

குற்றவாளி மிகச் சிறியது. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு குறுகிய பள்ளம். அதற்குள் ஒரு மெல்லிய உலோகப் பட்டை, அடியில் ஸ்பிரிங். இதுதான் முனை சீல். அது படும் பாட்டைக் கவனியுங்கள். பிஸ்டன் வளையம் சுவரில் எப்போதும் செங்குத்தாக நிற்கும், ஒன்று விட்டால் அடுத்தது பிடிக்கும். முனை சீல் ஒன்றே ஒன்று. சுவரை ஒரு கோடாக மட்டுமே தொடும். உறையின் வடிவம் வட்டமல்ல என்பதால் சுவருடன் அதன் கோணம் ஒவ்வொரு கணமும் மாறும், முன்னால் சாயும், பின்னால் சாயும். முழு வேகத்தில் அது சுவரில் சறுக்கும் வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல். ஒரு பக்கத்து அறையில் வெடிப்பு, மறு பக்கத்தில் வெறும் புகை. சிறிது நேரத்தில் அழுத்தம் பக்கம் மாறும். சீலும் பள்ளத்துக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குத் தாவும். தாவுகிற கணத்தில் வாயு கசியும். உயவுக்குக் கிடைப்பதோ எரிபொருளுடன் சேர்ந்து எரிந்துபோகும் கொஞ்சம் எண்ணெய் மட்டும்.

உறையும் தன் பங்குக்குச் சதி செய்தது. சாதாரண சிலிண்டரில் அதே சுவரைக் குளிர்ந்த காற்றும் தொடும், நெருப்பும் தொடும்; வெப்பம் ஓரளவு சராசரியாகிவிடும். வாங்கெல் உறையில் நெருப்பு பிடிப்பது எப்போதும் ஒரே பக்கம், குளிர்ந்த காற்று நுழைவது எப்போதும் எதிர்ப்பக்கம். ஒரு புறம் விரிந்து மறுபுறம் விரியாமல் உறை லேசாகக் கோணும். பின்னலாடை இயந்திரக் காலத்திலிருந்து துல்லியத்துக்குப் பேர்போன தொழிற்சாலையில் மைக்ரான் கணக்கில் கடைந்த வளைவு, ஓடத் தொடங்கியதும் வேறு வளைவாகிவிடும்.

ரோ 80-ல் இதற்கு மேல் ஒரு வடிவமைப்புத் தவறும் இருந்தது. அந்த முனை சீலை ஒரே துண்டாகச் செய்யாமல் மூன்று துண்டாகச் செய்திருந்தார்கள். மூன்றும் ஒரே உலோகம். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் நடுத்துண்டு மற்ற இரண்டைவிட வேகமாகத் தேய்ந்தது. அது தேய்ந்ததும் ஓரத் துண்டுகள் ஆட ஆரம்பித்தன. வாயு வழி கண்டுகொண்டது. அழுத்தம் குறையும், சக்தி குறையும், காலையில் கிளம்ப மறுக்கும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க விரட்டினால் நன்றாக ஓடிய அதே இன்ஜின், வீட்டிலிருந்து கிளினிக்குக்கு நான்கு கி.மீ. போய் நின்று, மாலையில் மறுபடி குளிரில் கிளம்பி வீடு திரும்பும் டாக்டரிடம் சீக்கிரம் களைத்துப்போனது. விலை கொடுத்து வாங்கியவர்களில் பலர் அந்த டாக்டரைப் போலத்தான் ஓட்டினார்கள்.

தீர்வு கிடைக்காமல் இல்லை. நடுத்துண்டை மட்டும் டைட்டானியம் கார்பைடு கலந்த எஃகால் செய்ததும் பெரும்பகுதிச் சிக்கல் தீர்ந்தது. உறைச் சுவருக்கு நிக்கலில் சிலிக்கான் கார்பைடு துகள்கள் பதித்த பூச்சு கைகொடுத்தது. 1970-களின் ரோ 80-கள் ஒழுங்காக ஓடின. அதற்குள் பெயர் போய்விட்டது.

பெயர் எப்படிப் போயிற்று என்பதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. என்எஸ்யூ வாடிக்கையாளரை ஏமாற்றவில்லை. புகார் வந்தால் பெரிதாகக் கேள்வி கேட்காமல் உத்தரவாதத்தில் புது இன்ஜின் போட்டுக் கொடுத்தது. பிளக்கில் சின்னக் கோளாறு என்றால்கூட இன்ஜினையே கழற்றி அனுப்பிய பணிமனைகள் உண்டு. புது இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க மெக்கானிக்குகளுக்குத் தெரியவில்லை, கழற்றி மாட்டுவது சுலபமாக இருந்தது. நேர்மையான இந்தக் கொள்கை கம்பெனியின் பணத்தையும் தின்றது, செய்தியையும் பரப்பியது. எதிரே வரும் ரோ 80-க்காரருக்கு விரல்களைக் காட்டி, இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றினேன் என்று சொல்லிக்கொள்வார்கள் என்ற கேலி ஜெர்மனி முழுக்கப் பரவியது. நடந்ததோ இல்லையோ, அந்தக் கேலிக்கு எதிராக எந்த விளம்பரமும் நிற்கவில்லை. உத்தரவாதம் முடிந்த பழைய ரோ 80-களை வாங்கியவர்கள் வாங்கெல் இன்ஜினைத் தூக்கிவிட்டு ஃபோர்டின் வி4 பிஸ்டன் இன்ஜினைப் பொருத்தினார்கள். முன்பக்கத்தில் அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கிய மிகச் சில இன்ஜின்களில் அது ஒன்று. அன்றைய கார்களிலேயே மென்மையாக ஓடியதற்குள் ஒரு கரடுமுரடான இன்ஜின்.

என்எஸ்யூ விரைந்தது தவறு என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. ரோ 80 வந்த அதே 1967-ல், மே மாதத்தில், மாஸ்டா தன் இரட்டை ரோட்டர் 'காஸ்மோ'வை வெளியிட்டது. மாஸ்டாவுக்கும் அதே நோய்தான். கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் உட்கார்ந்து பார்த்தபோது, சோதனை இன்ஜின்களின் உறைச் சுவரில் அலை அலையாகக் கீறல்கள்; சாத்தானின் நகக்குறி என்று பெயர் வைத்தார்கள். ஓடும்போது சீல் தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்துச் சுவரைக் கொத்தியதுதான் காரணம். சீலுக்குள் குறுக்காகத் துளையிட்டு அந்த அதிர்வெண்ணை மாற்றிப் பார்த்தார்கள், பிறகு அலுமினியம் ஊறிய கார்பனுக்கு மாறினார்கள். காஸ்மோவை ஆயிரத்துச் சொச்சம் மட்டும் கையால் செய்தார்கள். குடும்பத்தோடு ஏறும் செடானில் போய்ச் சேரும் முன் இரண்டு இருக்கைக் காரில் பாடம் முடிந்திருந்தது. மாஸ்டாவுக்கு இருந்து என்எஸ்யூவுக்கு இல்லாமல் போனது மேலும் ஒன்று: லாரியும் சாதாரணக் காரும் விற்று வந்த வருமானம். பரிசோதனைக்கான செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு நெக்கர்சுல்மிடம் பதில் இல்லை.

1969 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகன், தன் கையிலிருந்த ஆட்டோ யூனியனுடன் என்எஸ்யூவை இணைத்தது. புதிய கம்பெனிக்கு ஆடி என்எஸ்யூ ஆட்டோ யூனியன் என்று நீளமான பெயர். வாங்கெல் உரிமத் தொகை பெரிய புதையல் என்று அப்போதும் எல்லோரும் நம்பியதால், பழைய பங்குதாரர்களுக்கு அதில் பங்கு தரும் தனிப் பத்திரங்களையே கொடுத்தார்கள். ஜெனீவா கண்காட்சிக்குத் தயாராக இருந்த என்எஸ்யூவின் பிஸ்டன் கார் கே 70 கடைசி நேரத்தில் மேடையிலிருந்து இறக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஃபோக்ஸ்வாகன் முத்திரையுடன் வந்தது. தண்ணீரால் குளிரும் இன்ஜினை முன்னால் வைத்து முன்சக்கரங்களை ஓட்டிய முதல் ஃபோக்ஸ்வாகன் அதுதான். பீட்டிலுக்குப் பிறகு என்ன செய்வதென்று தவித்துக்கொண்டிருந்த கம்பெனிக்கு வழிகாட்டியது தோற்றுப்போன கம்பெனியின் காகிதம்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. நீண்டு மெலிந்த வாங்கெல் எரியறையில் சுடர் மூலைவரை போய்ச் சேராமல் எரிபொருளில் கொஞ்சம் எரியாமலே வெளியேறும். ரோ 80 நூறு கி.மீ.க்கு 15 லிட்டருக்கு மேல் குடித்தது. மெர்சிடிஸ் சி111 சோதனைக் காரோடு நிறுத்திக்கொண்டது. சித்ரோயன் தான் விற்ற வாங்கெல் கார்களைத் திரும்ப வாங்கி நொறுக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1974-ல் கைவிட்டது. 1975 ஏப்ரலில் என்எஸ்யூவின் ஆலையையே மூடப்போகிறார்கள் என்ற செய்தி பரவ, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நெக்கர்சுல்மிலிருந்து ஹைல்பிரான் வரை ஊர்வலம் போனார்கள். போர்ஷே 924 காரைச் செய்துகொடுக்கும் வேலை வந்து ஆலை பிழைத்தது. 1977 ஏப்ரலில் கடைசி ரோ 80 வெளியே வந்தபோது கணக்கு 37,398. வாங்கெல் தன் உரிமைகளை 1971-லேயே 10 கோடி மார்க்குக்கு விற்றுவிட்டிருந்தார்.

1985-ல் கம்பெனியின் பெயரை ஆடி என்று சுருக்கினார்கள். ஆடி காரின் முகப்பில் இருக்கும் நான்கு வளையங்கள் ஆடி, டிகேடபிள்யூ, ஹார்க், வாண்டரர் என்ற பழைய நான்கு நிறுவனங்களுக்கானவை. என்எஸ்யூவுக்கு அதில் வளையம் இல்லை. ஆனால் நெக்கர்சுல்ம் ஆலையில் இன்றும் ஆடி கார்கள் தயாராகின்றன; 1982-ல் 0.30 காற்றுத்தடைக் குணகத்துடன் வந்து பேர் வாங்கிய ஆடி 100-ஐ ரோ 80-க்குப் பக்கத்தில் நிறுத்தினால் வாரிசு யாரென்று கேட்க வேண்டியதில்லை.

இன்ஜினின் வாரிசு ஹிரோஷிமாவில் இருக்கிறது. மாஸ்டா 1991-ல் நான்கு ரோட்டர் காரால் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 2012-ல் ஆர்எக்ஸ் 8-உடன் நிறுத்தி, 2023-ல் மின்சாரக் காருக்குள் ஒற்றை ரோட்டராகத் திரும்பக் கொண்டுவந்தது. அங்கே அது சக்கரத்தை ஓட்டுவதில்லை, பேட்டரிக்கு மின்சாரம் செய்கிறது. டாக்டரின் வலது காலுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அப்படியிருந்தும் மாஸ்டாவின் பொறியாளர்கள் முனை சீலின் தடிமனை 2 மி.மீ.யிலிருந்து 2.5 மி.மீ.யாக உயர்த்தியிருக்கிறார்கள்.